ஒச்சாயி நிறுத்திய பூகம்பம்

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. தரைத்தளத்தில் கட்டிங், முதல் மாடியில் தையல், பிற்பாடு எழுப்பிய இரண்டாம் மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும். இரண்டாம் மாடிக்குச் சிமென்ட் ஷீட் கூரை, ஹாலோ பிளாக் சுவர். தைத்து மேலே வரும் பனியன்களை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்குவது ஒச்சாயியின் வேலை. 2005ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தக் கட்டடத்தில் பூகம்பம் வந்தது என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வந்தது பூகம்பம் அல்ல. ஆனால் அதை நிறுத்தியவர் ஒச்சாயிதான்.

அவருக்கு ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில். மானாவாரிப் பூமி. தொடர்ந்து மழை ஏமாற்றிய காலத்தில் கணவரோடு திருப்பூருக்குப் பேருந்து ஏறினார். கணவர் சாயப்பட்டறைக்குப் போனார். ஒச்சாயி கைமடியாகச் சேர்ந்தார். தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து வைக்கும் வேலைக்குத் திருப்பூரில் அதுதான் பெயர். நாளெல்லாம் நின்றபடியே செய்யும் வேலை. கால் வீங்கும். சில வருடங்களில் செக்கிங்குக்கு வந்துவிட்டார். அங்கேயும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் சாய்ந்துகொள்ள ஒரு மேசையாவது உண்டு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஒச்சாயி தனியாகத் திரும்பியதில்லை. ஒரு முறை ஒரு பெண், இன்னொரு முறை அக்கா தங்கை இருவர், ஒரு தடவை குடும்பமே மூட்டை முடிச்சோடு கூட வந்தது. ஆள் பிடித்துக் கொடுப்பதற்குக் கமிஷன் வாங்குகிறவர்கள் திருப்பூரில் ஏராளம். ஒச்சாயி யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் பொறுப்பு அத்தோடு தீர்ந்திருக்கும். வாங்காததால் அது தீரவே இல்லை. பேருந்து நிற்கும் இடம் வரை வந்து வழியனுப்பும் தாய்மார்கள் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: "ஒன்ன நம்பித்தாண்டி விடுறேன்." 2005இல் அந்த இரண்டாம் மாடியில் வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்படி அவரை நம்பி விடப்பட்டவர்கள். அவர்களில் வாய்த்துடுக்கானவள் அனுசுயா. இருபத்திரண்டு வயது, ஒச்சாயிக்குத் தூரத்து உறவு, பிளஸ் டூ வரை படித்தவள், கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் வாசித்துவிடுகிறவள்.

முந்தின ஆண்டு டிசம்பரில் சுனாமி வந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து ஒச்சாயி வானிலைச் செய்தி கேட்கத் தவறியதில்லை. கடலை அவர் நேரில் பார்த்ததே இல்லை. அந்த அலையும் அந்தப் பிணங்களும்தான் அவர் அறிந்த கடல். இரவு செய்தியில் கேட்டதை மறுநாள் காலை செக்கிங் மேசையில் ஒப்பித்துவிடுவார். கம்பெனியில் அவருக்கு 'வானிலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தவர் சூப்பர்வைசர் இளங்கோ, உள்ளூர்க்காரர், யாரையும் கிண்டல் செய்யாமல் டீ குடிக்க மாட்டார்.

"ஏனுங்க ஒச்சாயக்கா, இன்னிக்கு மழை உண்டுங்களா? என்ற வண்டி வெளியில நிக்குது."

"வங்கக் கடல்ல காத்தழுத்தத் தாழ்வு மண்டலமாம் தம்பி. வண்டிய உள்ள ஏத்து."

"கடலு எங்கீங்க, வேலம்பாளையம் எங்கீங்க? நீங்க கடலைப் பாத்திருக்கீங்களா?"

"நான் பாக்கல. அது என்னையப் பாத்துட்டா என்ன செய்ய?"

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. நொய்யல் ஆற்றில் சாய நீரைத் தவிர வேறு நீரும் ஓடும் என்பதைச் சின்னப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தார்கள். கம்பெனிக்குப் பின்னால் ஓர் ஓடை. அது தளும்பி, ஜெனரேட்டர் வைத்திருந்த ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. தீபாவளி விடுமுறையில் ஆட்கள் ஊருக்குப் போயிருந்த சமயம், முதலாளி ராசப்பன் கிரேன் வைத்து ஜெனரேட்டரைத் தூக்கினார். முதல் மாடியின் பின்பக்கம் தளத்தைக் கொஞ்சம் நீட்டி, அதன்மேல் நிறுத்தி, போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். விடுமுறை முடிந்து வந்தவர்கள் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்பக்கத்தில் யாருக்கும் வேலை இல்லை. ஜெனரேட்டர் பத்து வருடமாக அதே கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. அதன் சத்தம் யார் காதிலும் புதிதாக விழவில்லை.

முதல் நடுக்கம் ஒரு மழை நாளில் வந்தது. காற்று வீசி, மின்சாரம் போய், சிறிது நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. எரிந்த கையோடு மேசை அதிர்ந்தது. மேசையில் இருந்த கத்தரிக்கோல் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது. தண்ணீர்க் குடத்தில் வளையம் வளையமாக அலை எழுந்தது. கூரை ஷீட்டுகள் கடகடத்தன.

"ஆத்தாடி, பூமி ஆடுதுடி!" என்று யாரோ கத்த, இரண்டாம் மாடி முழுவதும் படிக்கட்டில் இறங்கி ஓடியது. முதல் மாடியில் தையல் இயந்திரங்களின் சொந்த அதிர்வில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கீழே வந்து நின்றால் தரை அசையவே இல்லை. அடங்கிவிட்டது என்று நினைத்தார்கள். இளங்கோ அதட்டி மேலே அனுப்பினார். மேலே போனால் மறுபடி லேசாக ஆடியது. அனுசுயா படித்தவள் அல்லவா, அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள்.

"இதுக்குப் பேரு பின்னதிர்வுக்கா. காஷ்மீர்லயும் இப்பிடித்தான் விட்டு விட்டு ஆடுச்சாம், பேப்பர்ல போட்டிருந்தான்."

காஷ்மீரில் நிலம் நடுங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதன்பிறகு காற்றும் மழையும் வந்த நாளெல்லாம் இரண்டாம் மாடி ஆடியது. வெயில் அடித்த நாட்களில் ஆடவில்லை. மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. புயலுக்கும் பூகம்பத்துக்கும் உறவு உண்டு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. கண்ணால் பார்க்கிறார்கள், காலால் உணர்கிறார்கள். இனி யார் வந்து சொல்ல வேண்டும்?

அந்த உறவுக்கு ஒரு சொல்லும் கிடைத்தது. போண்டா மடித்து வந்த செய்தித்தாள் துண்டை அனுசுயா ஒரு நாள் விரித்து வாசித்தாள்.

"யக்கா, இங்க பாரு. கோயமுத்தூர் மாவட்டம் மூணாவது மண்டலத்துல இருக்குதாம்."

"எந்த மண்டலத்துல?"

"நில அதிர்வு மண்டலம். மூணாம் எண்ணு."

"நேத்து டிவியில தாழ்வு மண்டலம்னு துறைமுகத்துல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திருக்குன்னு சொன்னானே. அதுவும் மண்டலம், இதுவும் மண்டலம். அதுவும் மூணு, இதுவும் மூணு."

திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. நிலநடுக்க அபாயத்தைக் கணக்கிட்டு நாட்டையே பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதிக்கு மண்டலம் என்று தமிழில் பெயர். கடலுக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைந்த இடத்துக்கும் மண்டலம் என்று பெயர். கோயிலில் நாற்பத்தெட்டு நாள் விரதத்துக்கும் மண்டலம் என்றுதான் பெயர். மொழிபெயர்த்தவர்கள் கோயில் சொல்லையே மற்ற இரண்டு இடத்திலும் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டவர் ராசப்பனின் ஜோசியர். காங்கேயத்திலிருந்து வந்த அவர், தாழ்வு மண்டலம் தோன்றிய நாளிலிருந்து ஒரு மண்டலத்துக்குப் பூமிக்குத் தோஷம் என்றும், மண்டலம் முடிவதற்குள் பெரிய ஆட்டம் ஒன்று உண்டு என்றும், தினமும் சாயங்காலம் இரண்டாம் மாடியில் விளக்கேற்றிப் பூஜை செய்தால் தப்பலாம் என்றும் சொன்னார். ராசப்பன் உடனே ஒப்புக்கொண்டார். விரிசல் விட்ட சுவருக்குப் பக்கத்திலேயே படம் மாட்டி, விளக்கு வைத்தார்கள். எந்தச் சுவரிடமிருந்து ஆட்களைத் தள்ளி நிறுத்த வேண்டுமோ, அந்தச் சுவரை நோக்கி ஆட்களைக் கும்பிட வைத்தார்கள்.

முதல் நாள் பூஜைக்கு எல்லாரும் வந்தார்கள், நல்லானைத் தவிர. நல்லான் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். ஐம்பது வயது, பக்கத்து ஊர்க்காரர். ஜெனரேட்டரை விட்டுவிட்டு மேலே வர வேண்டாம் என்று அவருக்குச் சொன்னார்கள். அன்றைக்கு மின்சாரம் போகவே இல்லை. ஜெனரேட்டருக்கு வேலையே இல்லை. நல்லானை ஏன் வர வேண்டாம் என்றார்கள் என்பது அங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். விளக்கின் முன்னால் எல்லாரும் சமம் என்று அன்று பேசிய ஜோசியருக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடலாம். புயல் என்பது வெதுவெதுப்பான கடல் நீரிலிருந்து சூடு வாங்கிச் சுழலும் காற்று. நிலநடுக்கம் என்பது தரைக்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில், ஆண்டாண்டாக இறுகிக் கிடக்கும் பாறை ஒரு நொடியில் வழுக்கி விடுவது. மேலே காற்றின் அழுத்தம் கூடுவதும் குறைவதும் அந்தப் பாறையின் இறுக்கத்துக்கு முன்னால் தூசு. புயலடிக்கும்போது அலைகள் கரையில் மோதுவதை நிலநடுக்கக் கருவிகள் மெல்லிய துடிப்பாகப் பதிவு செய்வது உண்மைதான். கடும் சூறாவளியின்போது ஆழத்தில் பாறை மிக மெதுவாக நகர்வதற்குச் சில இடங்களில் தூண்டுதல் கிடைக்கலாம் என்று ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த நகர்வு யார் காலுக்கும் தெரியாது. கத்தரிக்கோலை நகர்த்தாது, சுவரைப் பிளக்காது. சுனாமியைப் பார்த்துப் பயந்தவர்கள் கடல் பொங்குவதையும் நிலம் நடுங்குவதையும் புயலையும் ஒன்றாக்கிக்கொண்டார்கள். அது அறியாமைதான், ஆனால் அவர்கள் செய்த குற்றம் அல்ல. இதை எளிய தமிழில் அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒருவரும் செக்கிங் மேசைப் பக்கம் வரவில்லை. ஜோசியர் வந்தார்.

ஒச்சாயிக்குப் பயம் நாளுக்கு நாள் முற்றியது. தனக்காக அல்ல. "பெரிய ஆட்டம் வந்து கூரை விழுந்துருச்சுன்னா, நான் எந்த மொகத்தோட ஊருக்குப் போவேன்?" என்று கணவரிடம் கேட்டார். எல்லாரையும் ஊருக்கு அழைத்துப் போய்விடலாம் என்றால் ஊரில் என்ன இருக்கிறது? வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், பூகம்பம் என்றால் எல்லாக் கம்பெனியும்தானே ஆடும். பக்கத்துக் கம்பெனிகளில் ஆடியதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. பூமி ஆடுகிறது என்று முடிவு செய்துவிட்ட பிறகு அந்தக் கேள்வி எழவே இல்லை. மண்டலம் முடியட்டும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினார். மேசையில் நிற்கும்போது படிக்கட்டுக்குப் பக்கத்து இடங்களில் சின்னப் பெண்களை நிறுத்தி, விரிசல் சுவரோரம் தான் நின்றுகொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நல்ல வெயில். காலை பத்து மணிக்கு மேல் மின்சாரம் போயிற்று. பராமரிப்பு வேலைக்காக மின்வாரியம் மாதம் ஒரு நாள் நிறுத்துவது வழக்கம். மழை ஓயட்டும் என்று தள்ளிப்போட்டிருந்ததை அன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள். விசிறிகள் நின்றன. பிறகு விளக்குகள் எரிந்தன. மேசை ஆடத் தொடங்கியது.

வழக்கம்போல் எல்லாரும் படிக்கட்டுக்கு ஓடினார்கள். ஒச்சாயி ஓடவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. எதிர்ச் சந்தில் கொடியில் காயப்போட்ட சேலைகள் அசையாமல் தொங்கின. முந்தின இரவுச் செய்தியில் எந்த மண்டலமும் சொல்லவில்லை.

"யக்கா, வா! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று அனுசுயா படியிலிருந்து கத்தினாள்.

"மேகத்தக் காணோம்டி."

"மேகம் இல்லாட்டி என்ன, கூரை இருக்குல்ல தலைக்கு மேல! வா!"

கீழே இறங்கிய ஒச்சாயி மற்றவர்களோடு வாசலுக்குப் போகாமல் பின்பக்கம் போனார். இரும்பு ஏணியின் உச்சியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நல்லான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஒச்சாயி கையைக் காட்டி அவரைக் கீழே வரச் சொன்னார்.

"ஏண்ணே, இப்ப பூமி ஆடுச்சே, ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

"எனக்கெங்கீங்க தெரியுது? மேலுக்கு நின்னா எனக்கு எப்பவும் ஆடித்தானுங்க இருக்கும். பல்லெல்லாம் கிடுகிடுங்குது."

"எப்பவுமேவா?"

"இது ஓடுறப்பங்க. நிப்பாட்டிப்போட்டா ஏனுங்க ஆடுது?"

"போன வாரம் மழையில ஆடுச்சே, அப்ப எங்க இருந்தீக?"

"இங்கதானுங்க. கரண்டு போச்சுன்னா எனக்கு வேற எடம் ஏதுங்க?"

"அதுக்கு முந்தி ஆடுனப்ப?"

"அப்பவும் இங்கதானுங்க. ஏனுங்க அம்மிணி, போலீஸ்காரங்களாட்டக் கேக்கறீங்க?"

ஒச்சாயி நிமிர்ந்து இரண்டாம் மாடியின் பின்பக்க ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "அண்ணே, நான் மேல போயி ஜன்னல் வழியாத் துணியக் காட்டுவேன். காட்டுனா நிப்பாட்டுங்க. திரும்பக் காட்டுனா போடுங்க" என்றார்.

"நிப்பாட்டுனா தையல்ல மிசினெல்லாம் நின்னுபோயிருமுங்க. இளங்கோ கத்துவாப்ல."

"கத்துனா என் பேரச் சொல்லுங்க."

நல்லான் பீடியை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார்.

ஒச்சாயி ஆளில்லாத இரண்டாம் மாடிக்குப் போனார். ஒரு தண்ணீர்க் குடத்தை மேசையில் வைத்தார். குடத்துக்குள் அலை. ரிஜெக்ட் ஆன ஒரு மஞ்சள் பனியனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். விளக்கு அணைந்தது. மேசை நின்றது. குடத்துத் தண்ணீர் மெல்ல அடங்கிக் கண்ணாடியாயிற்று. மறுபடி ஆட்டினார். விளக்கு எரிந்தது, மேசை ஆடியது.

கீழே இருந்து இளங்கோ மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஆருங்க லைனைப் போட்டுப் போட்டு அமத்தறது? பீஸெல்லாம் பாதித் தையல்ல நிக்குது!"

"இங்க வா தம்பி. இந்தக் கொடத்தப் பாரு." பனியனை நீட்டினார். "இப்பப் பூகம்பம் நிக்கும் பாரு."

நின்றது.

"இப்ப வரும் பாரு."

வந்தது. இளங்கோ குடத்தையும் ஒச்சாயியையும் மாறி மாறிப் பார்த்தார். படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒச்சாயி அவர்களுக்காக இன்னொரு முறை பூகம்பத்தை நிறுத்திக் காட்டினார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க வானிலை அக்கா, பூகம்பத்தையே கையில வெச்சிருக்கீங்களே" என்றார் இளங்கோ.

"நான் வைக்கல. ஒங்க மொதலாளி மாடியில தூக்கி வச்சிருக்காரு."

விஷயம் இவ்வளவுதான். புயல் வந்தால் காற்றில் கம்பி அறுந்து மின்சாரம் போகும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் ஓடினால், அதைச் சுமந்த தளமும் அதோடு பிணைந்த தூண்களும் சேர்ந்து அதிர, மேலே இருந்த பலவீனமான மாடி ஆடும். அவர்கள் கண்டது பொய் இல்லை. அந்த ஒரு கட்டடத்தில் புயலுக்கும் நடுக்கத்துக்கும் உறவு இருக்கத்தான் செய்தது. நடுவில் இருந்த இயந்திரம் மட்டும் அவர்கள் கணக்கில் வரவில்லை.

மதியம் ராசப்பன் வந்து, ஒச்சாயியைப் பின்பக்கம் ஏணியடிக்குக் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் கட்டிங் டேபிளில் நின்றவர்தான். பேச்சில் மரியாதை குறையாது.

"ஏனம்மிணி, என்ன கூத்து பண்ணி வெச்சிருக்கறீங்க?"

"மொதலாளி, ஆடுறது பூமி இல்ல. ஜெனரேட்டரு."

"ஆரு சொன்னா?"

"நீங்களே மேல வந்து நின்னு பாருங்க. இப்ப ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

ராசப்பன் மேலே வரவில்லை. ஒச்சாயி அதைத்தான் கவனித்தார். தீபாவளிக்குப் பிறகு ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அவர் இரண்டாம் மாடிக்கு ஒரு தடவையும் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"செரி, இருக்கட்டும். கோடை ஆர்டரு கையில நிக்குது. இந்த ஷிப்மென்ட் போகட்டும், பொறவு எறக்கிக்கலாம்."

"அப்ப ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஏணியடியில் நின்ற நல்லான் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மெக்கானிக்கு வெச்ச அன்னிக்கே சொன்னாருங்க. அடியில ரப்பர் வெக்காம மாடியில ஓட்ட வேண்டாம்னு."

"உன்னைய ஆருடா கேட்டது?" என்றார் ராசப்பன். மரியாதை அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. தன்னைவிட மூத்தவரை அவர் 'டா' போட்டுப் பேசியது அங்கிருந்த பலருக்கு உறைக்கவும் இல்லை. அவ்வளவு பழகிப்போன 'டா' அது.

தெரிந்தேதான் வைத்திருந்தார். தெரிந்தேதான் ஜோசியர் சொன்னதற்குத் தலையாட்டினார், விளக்கேற்றினார், பூமித் தாயே காப்பாற்று என்று ஆட்களோடு சேர்ந்து கைகூப்பினார். பூமியின் மேல் பழி விழும் வரையில் தன் மேல் விழாது. மூடநம்பிக்கையால் யாருக்கு லாபம் என்று கேட்கிறவர்களுக்கு, அந்த விளக்கு வெளிச்சத்தில் நின்ற முகங்களில் ஒன்றுக்கு நல்ல லாபம் என்று தாராளமாகப் பதில் சொல்லலாம்.

ராசப்பன் மறுபடி ஒச்சாயி பக்கம் திரும்பினார். "நேத்து வரைக்கும் புயலு, மண்டலம், பூகம்பம்னு ஊரையே கெளப்பி உட்டது ஆரு? நீதானே அம்மிணி?"

"ஆமா, நாந்தான். தப்பாச் சொன்னேன். இன்னிக்குச் சரியாச் சொல்றேன்."

"ஒனக்குப் பயமாருந்தா நீ கீழ கட்டிங்குக்கு வந்துரு. குந்தி வேலை பாக்கலாம். கால் வலியும் இருக்காது."

ஒச்சாயியின் கால் அப்போதும் வீங்கித்தான் இருந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலையை அவருக்கு யாரும் அதுவரை தருவதாகச் சொன்னதில்லை.

"நான் கீழ வந்துட்டா, மேல நிக்கிறதுகளோட ஆத்தாமாருக்கு நீங்களா பதில் சொல்லுவீக?" என்றார். "வேலைய விடல மொதலாளி. கரண்டு இருந்தா மேல நிப்போம். ஜெனரேட்டரு ஓடுனா கீழ எறங்கிருவோம். நின்னா ஏறிருவோம்."

அதைப் போராட்டம் என்று யாரும் சொல்லவில்லை. சங்கம் எதுவும் வரவில்லை, கோஷம் இல்லை. மின்சாரம் போனால் இரண்டாம் மாடி இறங்கும், வந்தால் ஏறும். முதலில் ஒச்சாயியின் ஊர்ப் பெண்கள் மட்டும் இறங்கினார்கள். இரண்டாம் நாள் உள்ளூர்ப் பெண்களும் இறங்கினார்கள். "நாங்க மட்டும் என்ன, சுவத்துக்கு நேந்து உட்டவிகளா?" என்றார் அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு வங்கக் கடலில் உண்மையாகவே புயல் வந்தது. திருப்பூரில் காற்றும் மழையுமாக மின்சாரம் அடிக்கடி போயிற்று. கீழே வாசல் ஷெட்டில் எல்லாரும் நனைந்தபடி நின்றார்கள். தையல் ஓடிக்கொண்டே இருந்தது. தைத்த பீஸ்கள் செக்கிங் பார்க்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகப் படிக்கட்டில் குவிந்து, கடைசியில் நடக்கவே வழி இல்லாமல் போயிற்று. செக்கிங் ஆகாத பனியனைப் பெட்டியில் போட முடியாது. பெட்டியில் போடாததைக் கப்பலில் ஏற்ற முடியாது. புயல் அந்தக் கம்பெனியில் நிஜமாக எதையாவது அசைத்தது என்றால் அது ராசப்பனைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரேன் வந்தது. ஓடைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்குத் தரையில் அதற்குள் கட்டி முடித்திருந்த கான்கிரீட் மேடையில், அடியில் ரப்பர் கட்டைகள் வைத்து, ஜெனரேட்டரை இறக்கினார்கள். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை. மறுநாள் மின்சாரம் போனபோது ஒச்சாயி யாரையும் மேலே வரவிடாமல், தான் மட்டும் குடத்தோடு போய் நின்றார். தண்ணீர் அசையவில்லை. அதன்பிறகுதான் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி மற்றவர்களை அழைத்தார்.

மாதக் கடைசியில் ஜோசியரின் மண்டலம் முடிந்தது. ராசப்பன் எல்லாருக்கும் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தார். பூமி தோஷம் கழிந்துவிட்டது, பெரிய ஆட்டம் தப்பிவிட்டது என்று ஜோசியர் அறிவித்தார். குடத்தைக் கண்ணால் பார்த்தவர்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பூசை பலிச்சுருச்சுக்கா" என்றாள் அனுசுயா, சர்க்கரைப் பொங்கலை நக்கியபடி.

"ஏண்டி, மண்டலம் முடியிறதுக்கு முந்தியே ஜெனரேட்டர எறக்கிட்டாய்ங்களேடி. நீயும்தான மழையில நின்ன?"

"நின்னேன்க்கா. எறக்கணும்னு மொதலாளிக்குப் புத்தி வந்துச்சுல்ல, அது சாமி செயல்தான?"

"அப்ப மொதல்ல ஏத்துனது யாரு செயலு?"

அனுசுயா இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டு எழுந்து போனாள்.

மேற்குச் சுவர் விரிசலைச் சிமென்ட் பூசி மூடி, மேலே சுண்ணாம்பு அடித்தார்கள். உள்ளே அது அப்படியேதான் இருக்கிறது என்பது ஒச்சாயிக்குத் தெரியும். சுவரை இடித்துக் கட்டச் சொன்னார். பார்க்கலாம் என்றார்கள். சீசன் முடிந்ததும், செக்கிங்கில் ஆள் அதிகம் என்று சொல்லி ஒருவரை நிறுத்தினார்கள். அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நல்லானை நிறுத்தவில்லை. அந்தப் பழைய ஜெனரேட்டரின் குணம் அறிந்த ஆள் வேறு யாரும் இல்லை.

செக்கிங் பார்க்கத் தெரிந்தவருக்குத் திருப்பூரில் வேலை கிடைக்காமல் போகாது. மங்கலம் சாலையில் இன்னொரு கம்பெனியில் ஒச்சாயி சேர்ந்தார். அவர் அழைத்து வந்தவர்களில் சிலர் கூடவே போனார்கள், சிலர் பழைய இடத்திலேயே தங்கிவிட்டார்கள். தங்கியவர்களில் அனுசுயாவும் ஒருத்தி. ஓவர்டைம் அங்கே கூடுதல். ஒச்சாயி தடுக்கவில்லை. கிளம்பும் நாளில் மேசைகளை எல்லாம் மேற்குச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி இழுத்துப் போட வைத்து, "இதுக்கு அந்தப் பக்கம் யாரும் நிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

பின்னொரு பொங்கலுக்கு ஊரில் அனுசுயாவின் தாயார் விசாரித்தார். மகள் எப்படி இருக்கிறாள், அந்தப் பூகம்பக் கம்பெனியில் இன்னும் ஏன் இருக்கிறாள் என்று. ஒச்சாயி தான் வந்த வழியில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். மேசைகள் தள்ளிப் போட்டபடியே இருந்தன. மேற்குச் சுவரில் படம் இருந்தது, விளக்கு இருந்தது. அனுசுயா தினமும் பத்தடி தூரத்தில் நின்றே அதைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறாளாம்.

"சாமிய நம்புறா" என்று ஒச்சாயி அந்தத் தாயிடம் சொன்னார். "செவத்த நம்பல. அது போதும்."